மாஸ்டரின் கால் எங்கே இருக்கிறது? கார் ஓட்டப் பழகுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

நாற்பத்தொரு வயதில் கார் பழகினேன். மதுரையில் ஒரு பயிற்சிப் பள்ளி, இருபது வகுப்பு. ஒரு நாள்கூட வண்டி அணைந்து நிற்கவில்லை. நன்றாக வருகிறது என்று மாஸ்டரும் தினமும் சொன்னார். தேர்வும் முடிந்தது, உரிமமும் வீட்டுக்கு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கள் வீட்டுக் காரை எடுத்தேன். தெருமுனையைத் தொடுவதற்குள் ஏழு முறை அணைந்தது. எட்டாவது முறை துள்ளிப் பாய்ந்து, எதிர்வீட்டுத் திண்ணைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அங்கே வழக்கமாகக் கோலம் போட உட்கார்ந்திருக்கும் அம்மா அன்று கொஞ்சம் தாமதமாக எழுந்திருந்தார். அதை இன்று நினைத்தாலும் கை நடுங்குகிறது.

பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கத்திலும் பெடல் உண்டு. இருபது நாளும் கிளட்சை, அதாவது இன்ஜினைச் சக்கரத்தோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் இடது பெடலை, மிதித்தவர் மாஸ்டர் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் பயணம் மட்டுமே செய்திருக்கிறேன். பிறகு வேறொரு மாஸ்டரிடம் முதலிலிருந்து பழகினேன். அந்த இரண்டு அனுபவங்களுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பயிற்சிக் கட்டணம் அதிகமா குறைவா என்பதை ஒரே ஒரு அளவுகோலால் பாருங்கள்: மாஸ்டரின் கால் சும்மா இருக்க, உங்கள் காலும் கையும் மட்டும் வண்டியை ஓட்டிய நிமிடங்கள் எத்தனை?

முதலில் எல்.எல்.ஆர்.

பதினெட்டு வயது நிறைந்தவர்கள் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தின் சாரதி பக்கத்தில் எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ தேவை. மற்றவர்களுக்குத் தாங்களே தரும் உடற்தகுதி உறுதிமொழி போதும். அந்த உறுதிமொழியில் ஒரு கேள்வி இருக்கிறது: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையை உங்களால் படிக்க முடிகிறதா? ஆம் என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தெருவில் இறங்கி, பெரிய எட்டாக முப்பத்தைந்து எட்டு வைத்து நின்று படித்துப் பாருங்கள். எனக்குக் கண்ணாடியின் பவர் மாறியிருந்தது அப்படித்தான் தெரிந்தது.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்த பிறகே நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குப் போக முடியும். பெரும்பாலோர் முப்பத்தோராம் நாளே தேர்வை முடித்துவிடத் துடிக்கிறார்கள். பள்ளிகளும் அதையே விரும்புகின்றன. ஆறு மாதம் உங்களுடையது. அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.

அரசுக் கட்டணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016 இறுதியில் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு வகை ஒன்றுக்கு 150 ரூபாய், ஓட்டுநர் தேர்வுக்கு 300 ரூபாய், உரிமம் வழங்க 200 ரூபாய். இதன்மேல் மாநிலச் சேவைக் கட்டணம் சேரும். பள்ளி சொல்லும் மொத்தத் தொகையில் பயிற்சிக்கு எவ்வளவு, அலுவலக வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க இது உதவும். பிரித்துச் சொல்ல மறுத்தால் அந்த இடத்திலேயே எழுந்துவிடலாம்.

பள்ளியைத் தேடுவது

அண்மையில் பழகியவர்கள் நான்கு பேரிடம் கேளுங்கள். கேட்கும் கேள்வி முக்கியம். "லைசென்ஸ் வாங்கிவிட்டாயா?" என்று கேட்டால் நான்கு பேரும் ஆமாம் என்பார்கள். "இப்போது தனியாக ஓட்டுகிறாயா? கடைசியாக எங்கே ஓட்டிப் போனாய்?" என்று கேளுங்கள். உரிமத்தைப் பணப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகிறவர்கள் எத்தனை பேர் என்று அப்போது தெரியும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பள்ளிகள் கழிந்துவிடும்.

மீதமுள்ளவற்றின் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பயிற்சிப் பள்ளிகளுக்குச் சில கடமைகளை வைத்திருக்கின்றன. பள்ளிக்கான உரிமம், அதாவது படிவம் 11, கண்ணில் படும் இடத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். பயிற்றுநர்களின் பெயர்களும் அங்கே இருக்க வேண்டும். பயிற்றுநருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் ஐந்தாண்டு ஓட்டிய அனுபவமும் வேண்டும். பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கத்திலும் பெடல் இருக்க வேண்டும். காருக்கான பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது. கற்பவர் உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

இந்தக் கடைசி எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரை மணி வகுப்பு என்றால் இருபது வகுப்பு முழுதாக நடந்தால்தான் பத்து மணி நேரம் ஆகும். பத்து நாளில் கார் கற்றுத் தருகிறோம் என்ற பலகையைப் பார்த்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். யார் எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினார் என்று எழுதிவைக்க, படிவம் 15 என்று ஒரு பதிவேடும் விதியில் உண்டு. "அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள். நான் போன ஒரு பள்ளியில் உடனே எடுத்துக் காட்டினார்கள். இன்னொன்றில் அப்படி ஒன்று இருப்பதே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை.

2021 ஜூலை முதல், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம் என்ற புதிய வகையும் நடைமுறையில் இருக்கிறது. அங்கே காருக்கான பயிற்சி நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரம். அதில் 21 மணி செய்முறை, 8 மணி பாடம். அங்கே தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக்காட்டும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. பக்கத்தில் அப்படி ஒரு மையம் இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். இல்லாவிட்டாலும், அரசே 21 மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று கருதுகிற திறமையைப் பத்து மணியில் முழுமையாகப் பெற்றுவிட முடியாது என்பதையாவது மனத்தில் வையுங்கள்.

நிமிடக் கணக்கு

கணக்குக்காக இரண்டு தொகைகளை வைத்துக்கொள்வோம். முதல் பள்ளி 6,000 ரூபாய்க்கு அரை மணி வீதம் இருபது வகுப்பு. இரண்டாவது பள்ளி 9,000 ரூபாய்க்கு ஒரு மணி வீதம் பதினைந்து வகுப்பு. முதலாவது மலிவாகத் தெரிகிறது. நிமிடத்துக்கு என்று பார்த்தால் இரண்டும் பத்து ரூபாய்தான்.

இப்போது வண்டிக்குள் ஏறிப் பாருங்கள். அரை மணி வகுப்பில் முந்தைய ஆள் இறங்கி, நீங்கள் ஏறி, இருக்கையைச் சரிசெய்து, இடையில் அடுத்த ஆளை அவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்வதற்குள் எட்டு நிமிடம் போகும். கையில் மிஞ்சுவது 22 நிமிடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 13 ரூபாய் 60 காசு ஆகிவிட்டது. அந்த 22 நிமிடத்தில் பாதி நேரம் கிளட்சும் பிரேக்கும் மாஸ்டர் காலில் இருந்தால், நீங்கள் ஓட்டிய நிமிடத்துக்கு 27 ரூபாய். ஒரு மணி வகுப்பில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பத்து நிமிடம் வீணானாலும் நிமிடத்துக்கு 12 ரூபாய்தான். மலிவான பள்ளிதான் கடைசியில் இரண்டு மடங்குக்கு மேல் செலவு வைக்கிறது.

எனவே சேரும் முன் இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: வண்டியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர், ஒரு வகுப்பு எத்தனை நிமிடம், எல்லா வகுப்புக்கும் ஒரே மாஸ்டரா அல்லது மாறிக்கொண்டே இருப்பாரா? தொகை முழுவதையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டி உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ள மாஸ்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடும்

நல்ல மாஸ்டர் சாவியைத் திருப்பச் சொல்வதற்கு முன் உங்களை உட்காரவைப்பார். கிளட்சை முழுவதும் மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். முதுகு இருக்கையில் சாய்ந்திருக்க, மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். பிறகு மூன்று கண்ணாடிகளையும் உங்கள் உயரத்துக்குத் திருப்பச் சொல்வார். இடது கண்ணாடி மடங்கியபடியே ஓடுகிற பயிற்சி வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் பைக் நுழைகிற நம் சாலைகளில் அந்தக் கண்ணாடி இல்லாமல் பழகுவது ஆபத்து. மடங்கிய கண்ணாடியை நீங்கள் விரிக்கும்போது மாஸ்டர் தடுத்தால், அந்த வகுப்போடு நன்றி சொல்லிவிடுங்கள்.

அடுத்து கிளட்ச். சமமான, ஆளில்லாத இடத்தில் முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விடச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி லேசாக அதிரும். அதுதான் பிடிப்பு விழும் இடம். அங்கே காலை நிறுத்தினால் வண்டி எறும்புபோல் ஊரும். மறுபடி மிதித்து நிறுத்து, மறுபடி விடு. இதையே முப்பது முறை. என் இரண்டாவது மாஸ்டர் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு வெறுந்தெருவில் முதல் நாள் முழுக்க இதை மட்டுமே செய்யவைத்தார். ஐம்பது மீட்டர்கூடப் போகவில்லை. பதினோரு முறை அணைந்தது. ஒவ்வொரு முறையும் "ஏன் அணைந்தது, சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டார். நான் கார் கற்றது அன்றுதான்.

காலைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலான பயிற்சிக் கார்களில் மாஸ்டர் பக்கத்துப் பெடல் உங்கள் பெடலோடு கம்பியாலோ தண்டாலோ இணைந்திருக்கும். அவர் மிதித்தால் உங்களுடையதும் கீழே இறங்கும். பாதத்தைக் கிளட்சின் மேல் மெல்ல வைத்திருங்கள். நீங்கள் அழுத்தாமலே அது இறங்கினாலோ, நீங்கள் விட்ட பிறகும் ஏற மறுத்தாலோ அங்கே இன்னொரு கால் இருக்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போதும் வேகத்தடையிலும் திருப்பத்திலும் கவனித்தால் எளிதில் புலப்படும்.

அவர்கள் ஏன் மிதிக்கிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பழகுபவர்கள் கிளட்சைத் தேய்த்துவிடுவார்கள், அதை மாற்றுவது முதலாளிக்குப் பெரிய செலவு. வண்டி அணைந்து நின்றால் பின்னால் ஹாரன் அலறும், அடுத்த வகுப்பு தாமதமாகும். விடியற்காலையிலிருந்து ஒருவர்பின் ஒருவராக ஏற்றி இறக்குகிற மனிதருக்குக் கால் தானாகவே பெடலுக்குப் போய்விடுகிறது. அதனால் சண்டை போடாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "மாஸ்டர், ஆபத்து வந்தால் மட்டும் மிதியுங்கள். அணைந்தால் அணையட்டும். வகுப்பு முடிந்ததும் இன்று எத்தனை முறை மிதித்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்."

அந்த எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டாவது முறை பழகியபோது என் குறிப்பேட்டில் மூன்றாம் வகுப்பில் 14, ஏழாம் வகுப்பில் 5, பன்னிரண்டாம் வகுப்பில் 1 என்று இறங்கியிருந்தது. பதிமூன்றாம் வகுப்பில் கோரிப்பாளையம் சிக்னலில் மறுபடி 4 ஆனது. அதில் தவறில்லை, புதிய இடத்தில் எண் ஏறத்தான் செய்யும். வகுப்பு கூடக் கூட எண் அசையாமல் நின்றால்தான் யோசிக்க வேண்டும். எண்ணிச் சொல்லவே மறுக்கிறவரிடம் உங்கள் பணத்துக்கு மதிப்பில்லை.

பெடல் பற்றி இன்னும் ஒரு சோதனை. எந்த வேகத்தில் போனாலும் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்தே மிதி என்று சொல்லித்தரும் மாஸ்டர்கள் உண்டு. வண்டி அணையாமல் இருக்க அது சுலபமான வழி. ஆனால் கிளட்சை மிதித்ததும் இன்ஜினின் இழுவை அற்றுப்போய், வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. முதலில் பிரேக், வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் கிளட்ச் என்று கற்றுத் தருகிறவரைத் தேடுங்கள்.

எப்போது என்ன வந்திருக்க வேண்டும்

ஆளுக்கு ஆள் வேகம் மாறும். ஆனாலும் ஒரு மதிப்பீடு வேண்டும் அல்லவா? உண்மையான மூன்று மணி நேரத்துக்குள், சமதரையில் பத்து முறை கிளம்பினால் எட்டு முறையாவது அணையாமல் கிளம்ப வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் குனிந்து பார்க்காமல் கியர் மாற்றவும், பார்வையைப் பானெட்டிலிருந்து எடுத்துத் தெருமுனைவரை அனுப்பவும் வர வேண்டும். பத்து மணி நேரத்துக்குள் பின்னால் எடுப்பது, ஓரம் கட்டுவது, குறுகிய தெருவில் வண்டியைத் திருப்புவது, மேட்டில் நிறுத்திக் கிளம்புவது எல்லாம் குறைந்தது ஐந்தைந்து முறை நடந்திருக்க வேண்டும்.

மேடுதான் பலருக்கு விடுபட்டுப்போகும் பாடம். ஒவ்வொரு நாளும் ஒரே வட்டத்தில், இரண்டாம் கியரில், வலப்பக்கத் திருப்பமே இல்லாத சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தால் உங்கள் வகுப்புகள் எரிபொருளை மிச்சம்பிடிக்கும் கணக்கில் நடக்கின்றன என்று பொருள். தெற்குவாசல் மேம்பாலத்தின் ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் முதல்முறை நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. செய்முறை இதுதான்: ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் போடுங்கள். கிளட்சைப் பிடிப்பு விழும் இடம்வரை விடுங்கள். சத்தம் கம்மி, முன்பகுதி லேசாக எழும்பும்போது அங்கேயே காலை நிறுத்தி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். முன்பகுதி எழும்பும் முன் ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருளும். ஓட்டுநர் தேர்வுக்கான விதியிலேயே, ஏற்றத்தில் நிறுத்திப் பின்னோக்கி உருளாமல் கிளம்ப வேண்டும் என்று இருக்கிறது. எனவே இதைக் கற்றுத் தரும்படி கேட்பது உங்கள் உரிமை.

ரிவர்ஸ் பற்றி ஒரே வரி: வண்டியின் பின்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், ஊர்ந்தபடியே.

கட்டணத்துக்குள் ஒரு மாலை வகுப்பையாவது கேட்டு வாங்குங்கள். எல்லா வகுப்பையும் காலை ஆறு மணிக்கே முடித்தவர்கள், எதிர் விளக்கு கண்ணில் அடிக்கும்போது முதல்முறையாகத் தனியாகத் திணறுகிறார்கள். மழை பெய்தால் வகுப்பை ரத்து செய்யாதீர்கள். அன்றைக்குத்தான் பக்கத்தில் மாஸ்டர் இருக்க வேண்டும்.

மாஸ்டரை எப்போது மாற்றுவது

வகுப்பு நேரத்தில் போனில் பேசுகிறவர், உங்கள் நேரத்தில் பெட்ரோல் போடவும் தன் வேலைகளுக்கும் வண்டியைத் திருப்புகிறவர், எட்டாம் வகுப்பிலும் ஸ்டியரிங்கில் கை வைத்தே வருகிறவர். இவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மாறாவிட்டால் பள்ளியிடம் வேறு மாஸ்டரைக் கேளுங்கள்.

திட்டுவதைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். திட்டினால்தான் தொழில் படியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கார் விஷயத்தில் அது பொய். கத்தலுக்குப் பயந்தவரின் கண் சாலையிலிருந்து மாஸ்டரின் முகத்துக்குப் போய்விடுகிறது. ஆபத்தான நொடியில் உரத்த குரலில் "பிரேக்!" என்பது வேறு. முடிந்துபோன தவறுக்காகப் பத்து நிமிடம் ஏசுவது வேறு.

பெண்களுக்கு ஒன்று. கியர் மாற்றக் கற்றுத் தருகிறேன் என்று கையின் மேல் கை வைப்பதற்கு எந்த அவசியமும் இல்லை. கியர் வரைபடத்தைக் குமிழின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள், வாயால் சொன்னால் போதும். ஸ்டியரிங்கைத் திருத்த வேண்டியிருந்தால் அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்துத் திருத்தலாம். சங்கடமாக இருந்தால் அந்த நிமிடமே ஓரம் கட்டி இறங்கிவிடுங்கள், மீதிப் பணத்தைக் கேளுங்கள். பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று சேரும்போதே விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம். முதல் சில வகுப்புகளுக்கு வீட்டிலிருந்து ஒருவரைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துக்கொள்வதும் சரியே.

தேர்வும் அதற்குப் பிறகும்

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருக்கை, கண்ணாடி, பெல்ட், இண்டிகேட்டர் என்ற வரிசையைத் தவறவிடாமல் நிதானமாக ஓட்டுங்கள். தேர்வு வண்டியிலும் மாஸ்டரின் கால் உதவிக்கு வரும் என்று யாராவது உறுதி தந்தால் அதை மறுத்துவிடுங்கள். தோற்றால் மறுபடி போகலாம், தெருவில் அப்படி முடியாது.

உரிமம் கிடைத்த பின் உங்கள் சொந்த வண்டியில் பழகுவதற்குத் தனியாக ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொரு காரின் கிளட்சும் வேறு இடத்தில் பிடிக்கும். நம்பிக்கையான மாஸ்டரையே உங்கள் காரில் நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்லி, மணிக்கணக்கில் கட்டணம் கொடுங்கள். அந்த வண்டியில் அவருக்குப் பெடல் இல்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவே ஹேண்ட் பிரேக் இருக்கும் வண்டியாக இருந்தால் ஆபத்துக்கு அவர் கை எட்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரரோ அண்ணனோ துணைக்கு வந்தாலும் அதை எப்படி இழுப்பது என்று கிளம்பும் முன் சொல்லிவையுங்கள்.

என் முதல் வாரம் இப்படி இருந்தது. இரண்டு நாள் விடியற்காலையில் வீட்டிலிருந்து தெப்பக்குளம்வரை. மூன்றாம் நாள் அதே வழியில் காலை ஒன்பது மணிக்கு, பள்ளி வேன்களுக்கு நடுவே. நான்காம் நாள் தெற்குவாசல் மேம்பாலம், போகவும் வரவும் மூன்று முறை. அதில் இரண்டாவது முறை ஏற்றத்தில் அணைந்தது. பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், சாவியைத் திருப்பினேன், சத்தம் கம்மும்வரை காத்திருந்தேன், கிளம்பினேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.